‘ஏதோ பிழை’ என்றால் என்ன பிழை?



தொடங்கும்போதே விழுந்துபோகிற கொம்பியூட்டரை எப்படித் திருத்துவது என்று இந்தக் கிழமை எபிசோட்டில் கதைத்தோம். எந்த பட்டனை எப்ப அழுத்த வேணும் என்பதெல்லாம் அங்கே இருக்கு. நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். இது என்ர கருத்து மட்டும்தான். உடன்பாடு இல்லாட்டி பதில் போடுங்கோ, கட்டாயம் வாசிப்பேன்.

ஒரு கொம்பியூட்டர் ஏன் நின்றது என்பதை அதன் சொந்தக்காரரிடமிருந்து மறைப்பது உதவியே இல்லை. மறைக்கிறது மைக்ரோசொஃப்டாக இருந்தாலும் சரி, ஆப்பிளாக இருந்தாலும் சரி, “விடுங்கோ அம்மா, நான் பாக்கிறன்” என்று மௌஸை வாங்கிக்கொள்கிற நாங்களாக இருந்தாலும் சரி.

எல்லா வீட்டிலும் வருகிற கோல்

“தம்பி, கொம்பியூட்டர் வேலை செய்யுதில்லை.”

“என்ன காட்டுது அம்மா?”

“நீலமா வந்து இங்கிலிசில ஏதோ எழுதிச்சு.”

“என்ன எழுதிச்சு?”

“வாசிக்க முதலே போட்டுது.”

இந்த உரையாடல் உங்கட வீட்டிலும் நடந்திருக்கும். எங்களுக்குச் சிரிப்பு வரும், பிறகு கொஞ்சம் எரிச்சலும் வரும். ஆனால் அம்மா சொல்வது முழுக்க உண்மை. விண்டோஸ் விழுந்தால், தகவலைச் சேமித்த கையோடு தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அது வைக்கப்பட்டிருக்கு. வேகமான கொம்பியூட்டரில் அந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கும். நீங்களோ நானோ இருந்தாலும் முழுவதையும் வாசிக்க ஏலாது.

அடுத்ததாக அம்மா கேட்பது எப்பவும் ஒரே கேள்விதான்: “அப்ப படங்கள் எல்லாம் போயிடுமோ?”

கவனித்துப் பாருங்கோ. இந்த விஷயத்தில் மனுசருக்கு உண்மையிலேயே தேவையான ஒரே கேள்வி அது. நானறிந்த எந்தப் பிழைச் செய்தியும் அதற்குப் பதில் சொல்வதில்லை.

பதில் கஷ்டமானதும் இல்லை. எங்கட ஊர் வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் இருக்கும் தானே? எங்கேயோ கரண்ட் ஒழுகினால் அது விழும், வீடு இருட்டாகும். அந்த இருட்டுத்தான் வீட்டையும் ஆட்களையும் காப்பாற்றுகிறது. விண்டோஸின் நீலத்திரையும் அந்த மாதிரித்தான். இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் நடக்கக்கூடாத ஒன்று நடந்துவிட்டால், அதற்கு மேலும் ஓடினால் டிஸ்க்கில் இருப்பதைப் பழுதாக்கக்கூடும் என்பதால் அது வேண்டுமென்றே நின்றுவிடுகிறது. சேமிக்காமல் எழுதிக்கொண்டிருந்த கடிதம் போயிருக்கலாம். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. ஆனால் பெரும்பாலான நேரங்களில் 2009ஆம் ஆண்டு கலியாணப் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவற்றை அழிப்பது அநேகமாகப் பிழை வந்த பிறகு பதற்றத்தில் செய்யப்படுகிற ரீசெட்தான்.

எங்கே நின்றது என்று கேளுங்கோ

போனில் அம்மாவிடமோ மாமாவிடமோ “என்ன எழுதியிருக்கு” என்று கேட்க முன்னம், “எங்க வந்து நிக்குது” என்று கேளுங்கோ. இதற்கு இங்கிலிஷ் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

கம்பனியின் சின்னம்கூட வரவில்லை, திரை கறுப்பு, அல்லது பீப் சத்தம், அல்லது ஒரு லைட் விட்டுவிட்டு மின்னுகிறது என்றால், விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. பவர், ரேம், திரை போன்ற உடல் உறுப்புகளில் ஒன்றுதான் பிரச்சினை. அந்தப் பீப்பையும் மின்னலையும் எண்ணிக்கொள்ளுங்கோ, அதுவும் பிழைச் செய்திதான். ஒவ்வொரு கம்பனியும் தன் எண்ணிக்கைக்கு அர்த்தம் வெளியிட்டிருக்கு.

சின்னம் வந்து, வட்டம் சுற்றி, அதன் பிறகு விழுந்தால், பழி விண்டோஸின் அடித்தளத்தில், டிரைவரில், அண்மையில் வந்த அப்டேட்டில், அல்லது டிஸ்க்கில். இங்கேதான் திரையில் வருகிற பெயர் உதவும். ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்றால், தான் தொடங்கவேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் எட்ட முடியவில்லை என்று அர்த்தம். ‘மெமரி மனேஜ்மென்ட்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் ரேமைச் சோதிக்க வேணும். அதற்கான கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கு.

பாஸ்வேர்ட் போட்ட பிறகு விழுந்தால், அடித்தளம் ஓரளவுக்குச் சரி. தொடக்கத்தில் தானாக ஓடுகிற ஏதோ ஒரு செயலி, அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் மீது சந்தேகம் வைக்கலாம்.

மாக்கிலும் இப்படித்தான். கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் மின்னினால், தொடங்குவதற்கான டிஸ்க்கை அது கண்டுபிடிக்கவில்லை. குறுக்குக் கோடு போட்ட வட்டம் என்றால், டிஸ்க்கைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் அதில் இருக்கிற மாக் ஓஎஸ்ஸைக் கொண்டு தொடங்க முடியவில்லை. இரண்டு சின்னங்களுக்கும் இரண்டு வேறு வைத்தியம்.

சேஃப் மோட் என்பதையும் ட்ரிப் சுவிட்சை வைத்தே விளங்கப்படுத்தலாம். சுவிட்ச் விழுந்தால் அப்பா என்ன செய்வார்? வீட்டில் இருக்கிற எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுவார். அது நின்றால் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செருகிப் பார்ப்பார். கிரைண்டரைச் செருகும்போது விழுந்தால், கள்ளன் கிரைண்டர். சேஃப் மோட்டில் விண்டோஸ் அவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எழும்புகிறது. அதில் ஒழுங்காக நின்றால், கழற்றிவிட்டவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. அப்பாவுக்கு இந்த முறை எங்களைவிட நன்றாகவே தெரியும்.

ஒரு பெயரின் பெறுமதி

திரையில் ஒரு பெயர் வருவதால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு 2024 ஜூலை 19ஐ ஞாபகப்படுத்துகிறேன்.

அன்று ரொறன்ரோ நேரம் நள்ளிரவு 12.09க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. அதை வாங்கிய விண்டோஸ் கொம்பியூட்டர்கள் விழுந்தன, எழும்பின, திரும்பவும் விழுந்தன. மைக்ரோசொஃப்டின் கணக்கின்படி 85 இலட்சம் கருவிகள். விமான நிலையங்கள், ஆஸ்பத்திரிகள், வங்கிகள் எல்லாம் அதில் அடக்கம். 78 நிமிடங்களில் நிறுவனம் அந்தக் கோப்பை மீளப்பெற்றது. ஆனால் விழுந்து எழும்பிக்கொண்டிருந்த கொம்பியூட்டர்களில் பல, திருத்தத்தை வாங்குகிற அளவுக்கு நேரம் உயிரோடு நிற்கவில்லை.

காரணத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். அனுப்பிய கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத அந்த 21ஆவதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியை அது வாசிக்கப் போனது. சாதாரணச் செயலி ஒன்று அப்படிச் செய்திருந்தால் அது மட்டும் மூடியிருக்கும். இது கெர்னலுக்குள் ஓடியதால் முழு விண்டோஸும் நின்றது.

அந்த இரவில் பல நீலத்திரைகளில் ஒரு வரி இருந்தது: பிழைத்தது எது என்று சொல்லி, ‘சிஎஸ்ஏஜென்ட்’ என்ற டிரைவரின் பெயரைப் போட்டிருந்தது. அந்த ஒரு பெயரை வைத்துத்தான், ஒருவரையொருவர் தெரியாத பொறியியலாளர்கள் வேறு வேறு நாடுகளில் இருந்துகொண்டு, “எங்களுக்கும் இதேதான்” என்று கெதியாகவே சொல்ல முடிந்தது. வைத்தியமும் எளிமைதான்: சேஃப் மோட்டுக்குப் போய், ‘சி-00000291’ என்று தொடங்குகிற கோப்பை அழித்து, ரீஸ்டார்ட் பண்ணினால் போதும். கஷ்டம் என்னவென்றால், பெரும்பாலும் ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஒரு ஆள் நேரே போக வேண்டியிருந்தது. பிட்லொக்கர் பூட்டு இருந்தவற்றுக்கு 48 இலக்கச் சாவியும் தேவைப்பட்டது.

‘ஏதோ பிழை நடந்துவிட்டது’ என்று மட்டும் அந்தத் திரைகள் சொல்லியிருந்தால்? எத்தனை பேர் தங்கள் கொம்பியூட்டரில்தான் கோளாறு என்று நினைத்து ரீசெட் அடித்திருப்பார்கள்?

சோகமுகம் யாருக்கு?

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1993இல் வந்த விண்டோஸ் என்டியின் நீலத்திரை முழுக்க எண்ணும் எழுத்துமாக இருக்கும், பொறியியலாளரைத் தவிர யாருக்கும் விளங்காது. 1984இன் மாக்கின்டொஷில் சூசன் கேர் வரைந்த வெடிகுண்டுப் படம் வரும். அழகான படம்தான், ஆனால் வீட்டில் இருக்கிறவருக்குப் பயம் மட்டும்தான் மிச்சம்.

2012இல் விண்டோஸ் 8 அந்தக் குவியலை எடுத்துவிட்டு ஒரு சோகமுகத்தைப் போட்டது. 2016இல் ஒரு கியூஆர் கோட் சேர்ந்தது. ஸ்கேன் பண்ணினால் உங்கட பிழைக்கான பதில் வரும் என்று நினைப்பீர்கள், வந்ததோ பொதுவான ஓர் உதவிப் பக்கம். 2025இல் விண்டோஸ் 11இன் திரை கறுப்பாக மாறி, சோகமுகமும் கியூஆர் கோடும் போய்விட்டன. பிழையின் பெயரையும், தெரிந்தால் டிரைவரின் பெயரையும் தெளிவாகப் போடுகிறார்கள். இது நல்ல திருப்பம் என்றே நினைக்கிறேன். முகம் போய், தகவல் வந்திருக்கு.

“சாதாரண ஆட்கள் இதெல்லாம் வாசிக்க மாட்டினம், சும்மா பயப்படுத்தக் கூடாது” என்று வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். நியாயமான வாதம். ஆனால் ஒருவர் வாசிக்காதது, வாசித்தும் பிரயோசனம் இல்லை என்று பல வருசமாகப் பழகிப்போனதாலும் இருக்கலாம். எனக்கு வேண்டியது மூன்றே மூன்று வரி: எது நின்றது. உங்கட கோப்புகளின் நிலை என்ன. அடுத்து செய்ய வேண்டியது எது. விழுகிற அந்த நொடியில் கெர்னலால் கோப்புகளைச் சரிபார்க்க ஏலாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வருகிற ரிப்பேர் திரையால் ஏலும். “உங்கள் டிஸ்க்கை வாசிக்க முடிகிறது, படங்கள் இருக்கின்றன, முதலில் பிரதி எடுக்க விரும்புகிறீர்களா?” என்று ரீசெட் பட்டனுக்கு மேலே ஒரு வரி போடுவது ரொக்கெட் விஞ்ஞானமா என்ன?

கள்ளன் தெளிவாகப் பேசுகிறான்

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கு.

இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று முழுத் திரையும் நீலமாகும். சத்தம் போடும். “உங்கள் கொம்பியூட்டரில் வைரஸ், வங்கி விபரங்கள் களவு போகின்றன, அணைக்க வேண்டாம், உடனே இந்த நம்பருக்குக் கோல் எடுங்கள்” என்று எழுதும். நம்பர் பெரிய எழுத்தில் இருக்கும். எடுத்தால் மரியாதையான குரலில் ஒருவர் பேசுவார், தூரத்தில் இருந்து இயக்குகிற செயலி ஒன்றைப் போடச் சொல்லுவார், கடைசியில் காசு கேட்பார். சிலநேரம் கிஃப்ட் கார்ட்டாக.

இப்ப இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. உண்மையான திரை சில நொடிகளில் மறைகிறது, என்ன செய்வது என்று சொல்லவில்லை. பொய்யான திரையோ நிற்கிறது, என்ன நடந்தது என்று சொல்கிறது, பேசுவதற்கு ஒரு மனுசரையும் தருகிறது. அறுபது வயதில், இரண்டாவது மூன்றாவது மொழியில் வாசிக்கிற ஒருவருக்கு எது நம்பத்தகுந்ததாகத் தெரியும்? ஏமாந்தவர்களைப் பேய்க்காட்டப்பட்ட முட்டாள்கள் என்று நாங்கள் நினைப்பது பெரிய அநியாயம். தெளிவாகப் பேசியவரை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வசனத்தை உங்கட வீட்டில் எல்லாருக்கும் பாடமாக்குங்கோ: மைக்ரோசொஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் கள்ளன். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல பொய்த் திரைகள் சுருங்கி, அது வெறும் பிரௌசர் பக்கம் என்று தெரிந்துவிடும். அதற்கும் அசையாட்டி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது.

நாங்களும் ஒரு சோகமுகம்தான்

கம்பனிகளைத் திட்டுவது சுகம். ஆனால் எங்கட வீடுகளில் நடப்பது என்ன?

பத்து வயதில் இருந்தே கடிதம் மொழிபெயர்த்து, வங்கிக்குக் கோல் எடுத்து, படிவம் நிரப்பி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கொம்பியூட்டரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. வருவோம், ஐந்து நிமிடத்தில் திருத்துவோம். “என்ன பிழை?” என்று கேட்டால் “ஒண்டுமில்லை அம்மா, சரியாயிட்டுது” என்போம். அதுவும் ‘ஏதோ பிழை நடந்துவிட்டது’ என்கிற அதே திரைதானே? அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் அடுத்த முறை அந்தத் திரை வரும்போது அம்மா திரும்பவும் வெறுங்கையோடுதான் நிற்பா. நாங்கள் வேலையில் இருப்போம், போன் எடுக்க மாட்டோம். பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும்.

இதே அம்மாக்களும் அப்பாக்களும் தெரியாத நாட்டுக்கு வந்து, தெரியாத மொழியில், குளிரில் பஸ் பிடித்து வேலைக்குப் போனவர்கள். ‘டிரைவர்’ என்பது பிரிண்டரோடும் திரையோடும் விண்டோஸ் பேசுவதற்கு வைத்திருக்கிற மொழிபெயர்ப்பாளன் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காதா? வீட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர் பிழையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

திருத்துவதற்கு ஐந்து நிமிடம் என்றால், சொல்லிக்கொடுக்க இருபது நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுங்கோ என்பதுதான் என்ர கோரிக்கை.

இந்தச் சனி ஞாயிறில் செய்யக்கூடியவை

கொம்பியூட்டர் நன்றாக ஓடுகிறபோதே அப்பா அம்மாவோடு பக்கத்தில் இருந்து செய்யுங்கோ. மௌஸ் அவர்களின் கையில் இருக்கட்டும்.

1. பிட்லொக்கர் சாவியை எழுதி வையுங்கோ. பல புதிய லப்டொப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. தொடக்கத்தில் கோளாறு வந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அது அநேகமாக அவர்களின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். தொலைந்தால் மைக்ரோசொஃப்டாலும் எடுத்துத் தர ஏலாது. அச்சடித்து, பாஸ்போர்ட் வைக்கிற இடத்தில் வையுங்கோ.

2. தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கோ. அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸில், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ என்பதற்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கு. அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால், பிழைத்திரை வாசிக்கும்வரை நிற்கும். ஏற்கனவே விழத் தொடங்கிய கொம்பியூட்டர் என்றால், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியலில் 9ஆவது தெரிவு இதே வேலையைச் செய்யும்.

3. படம் எடுத்து அனுப்பப் பழக்குங்கோ. வாசிக்கத் தேவையில்லை, விளங்கத் தேவையில்லை. போனால் ஒரு படம், வட்ஸப்பில் உங்களுக்கு. எல்லா அம்மாவுக்கும் இது ஏற்கனவே தெரியும்.

4. படங்களுக்கு இன்னொரு பிரதி எடுங்கோ. ஒரு வெளி டிஸ்க்காவது வேணும். ரீசெட் என்பது கடைசி வழி. அதிலும் ‘கீப் மை ஃபைல்ஸ்’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று இரண்டு கதவு. முதலாவது கோப்புகளை வைத்துக்கொண்டு, நீங்கள் போட்ட செயலிகளை எடுக்கும். இரண்டாவது எல்லாவற்றையும் எடுக்கும். வித்தியாசத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கோ.

5. “கடைசியா என்ன மாத்தினீங்கள்?” என்று கோபமில்லாமல் கேளுங்கோ. புது பிரிண்டர், புது அப்டேட், யாரோ போட்டுத் தந்த செயலி, இவற்றில்தான் அநேகமாகப் பதில் இருக்கும். கோபமாகக் கேட்டால் “நான் ஒண்டும் செய்யேல்லை” என்றுதான் பதில் வரும். அதுவும் ஒருவகை மறைப்பு, அதற்குக் காரணம் நாங்கள்.

உங்கட வீட்டில் பிழைச் செய்திகளை எப்படித் தமிழில் விளங்கப்படுத்துகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கோ. கெர்னலுக்கும் டிரைவருக்கும் என்னைவிட நல்ல உவமை வைத்திருப்பீர்கள். நல்லவற்றை அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம். அம்மா அப்பா சொன்னவை என்றால் முதலில் வாசிப்போம்.

அடுத்த கிழமை சந்திப்பம்.